முப்பது எண்ணும்வரை

எங்கள் வீட்டுக்கார அக்காவிடம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் அதைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பாள். புதிதாக வாங்கி வந்த தண்ணீர் பாட்டில், குக்கர், டிபன் டப்பா, சைக்கிள் டியூப், எதுவும் தப்பாது. ஒருமுறை எங்கள் அறைத் தோழி மாரி ஊரிலிருந்து ஒரு தூக்கு நிறைய நல்லெண்ணெய் கொண்டுவந்தாள். மூடி சரியாக மூடுகிறதா பார்க்கிறேன் என்று அக்கா அதை எண்ணெயோடு சேர்த்து டிரம்மில் அமுக்கிவிட்டாள். மூடி சரியாக மூடவில்லை. இரண்டு நாள் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில்தான் நாங்கள் பாத்திரம் கழுவினோம்.

அந்த நீல டிரம் மாடிப்படி முடிகிற இடத்தில், எங்கள் குளியலறைக்கு வெளியே இருந்தது. அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கை வரை கையை உள்ளே விடுவாள். பொருளை அடியில் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் முப்பது எண்ணுவாள். அந்த நேரத்தில் சிலிண்டர்காரர் வந்து வாசலில் நின்று கத்தினாலும் திரும்ப மாட்டாள். முப்பதுக்குள் ஒரு குமிழி மேலே வந்துவிட்டால் அந்தப் பொருளின் கதை முடிந்தது.

"முப்பது எதுக்குக்கா? இருவது எண்ணுனா போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இருவத்தொம்பதுல ஒண்ணு வரும்டீ திருநெல்வேலி. என் கண்ணால பாத்துக்கீறேன்" என்றாள்.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஊர் சொல்லித்தான். பதிலுக்கு நானும் அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அதுவும் நல்லதுதான், எழுதினால் சண்டைக்கு வருவாள். நான் சொல்ல வந்தது வேறு. இந்த அக்காவின் வலது கை வெந்துபோனதற்கு நான் காரணமா, இல்லையா? ஐந்து வருடமாக இதை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். சில நாள் நான்தான் என்று தோன்றும். சில நாள், போடி, உனக்கு வேறு வேலையில்லை என்று தோன்றும். போன மாதம் ஒரு பதில் கிடைத்தது. கிடைத்த பிறகு முன்னைவிடக் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

சேரப்பணஞ்சேரியில் அக்காவின் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நான், சங்கரன்கோவில் மாரி, தூத்துக்குடி ஜெனிட்டா. மூன்று பேருக்கும் ஒரகடம் பக்கம் வேலை. ஆனால் மூன்று பேரும் வேறு வேறு ஷிப்ட். ஒருத்தி குளித்துவிட்டுக் கிளம்பும்போது இன்னொருத்தி வந்து படுப்பாள். நம்ம வீட்டுப் பாய்க்குச் சூடு ஆறுறதே இல்லை என்பாள் மாரி. ஞாயிற்றுக்கிழமையும் யாராவது ஒருத்திக்கு ஓ.டி. வந்துவிடும். ஒரே வீட்டில் இருந்தும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். கீழே அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அவர் கம்பெனி பஸ் ஓட்டுபவர், அவரைப் பார்ப்பதே அபூர்வம். அக்கா பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். குழந்தை இல்லை. எங்களை வாடகைக்கு வந்தவர்களாக அவள் நினைத்ததில்லை. தன்னிடம் சோதனைக்கு வந்த பீஸ்களாக நினைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காவும் நானும் ஒரே கம்பெனி. வண்டிகளுக்கு ரேடியேட்டர் செய்கிற இடம். நான் அசெம்பிளி லைன், அவள் லீக் டெஸ்ட். ரேடியேட்டரில் தண்ணீர் போகவும் வரவும் இருக்கிற வாய்களை எல்லாம் ரப்பர் மூடி போட்டு அடைப்பாள். அந்த மூடிக்கு டம்மி என்று பெயர். ஒரு வாயில் மட்டும் காற்றுக் குழாயைச் செருகிக் காற்றேற்றி, தொட்டியில் அமுக்கி முப்பது எண்ணுவாள். குமிழி வந்தால் சிவப்பு ஸ்டிக்கர். பதினோரு வருடமாக இதே வேலை. அவள் ஓவர்கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து டம்மி கிடக்கும். அதெல்லாம் வீட்டுக்கும் வந்துவிடும். வீட்டுச் சாவியைத் தேடிப் பைக்குள் கையை விட்டால் டம்மிதான் வரும்.

ஒருமுறை மாசக் கடைசி. சரக்கு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது. அக்கா ஒரு பீஸில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார். எங்கே குமிழி, காட்டு என்றார். அமுக்கினாள், வரவில்லை. மறுபடியும் அமுக்கினாள், வரவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது. நாங்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம்.

"வந்துச்சி சார். நான் பாத்தேன். நீங்க இன்னா வோணா சொல்லுங்க, நான் ஸ்டிக்கர எடுக்க மாட்டேன்."

"ஒரு குமிழிக்கா லைன நிறுத்துவ?"

"சொட்டுனா ரிஜெக்ட்டு சார். ஒண்ணு இன்னா, நூறு இன்னா?"

மறுநாள் அந்தப் பீஸை அறுத்துப் பார்த்தபோது உள்ளே மயிரிழை விரிசல் இருந்தது. அக்கா அதற்குப் பெருமை பேசவில்லை. பெருமையெல்லாம் நான்தான் பட்டேன், என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

பொருளை மட்டும் அமுக்கிப் பார்த்தால் பரவாயில்லை, ஆளையும் அமுக்கிப் பார்ப்பாள். அதுதான் எனக்கு ஆகாது. பொய் சொன்னதும் திட்ட மாட்டாள், குறுக்குக் கேள்வி கேட்க மாட்டாள். பேசாமல் முகத்தையே பார்ப்பாள். உள்ளுக்குள் எண்ணுகிறாள் என்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? நாமே உளறிவிடுவோம்.

என்னை லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள் என்று நான் ஒருதரம் மாரியிடமும் ஜெனிட்டாவிடமும் அடித்துவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஜெனிட்டாவை அந்த வாரம் அவள் கம்பெனியில் நிரந்தரம் ஆக்கியிருந்தார்கள், அந்தப் பொறாமையாக இருக்கலாம். அவர்கள் இருவரும் பாவம், நம்பி, கேசரி கிண்டி அக்காவையும் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா ஒரு வாய் கேசரியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் ஆக்கலக்கா. ஆக்கலாம்னு பேசிக்கிடுதாங்க" என்றேன்.

"பாத்தியா, பதினஞ்சுலயே வந்துட்ச்சி குமிழி" என்றாள் அக்கா. மாரியும் ஜெனிட்டாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மறுநாள் அக்கா படியில் நிறுத்தி, "நீ மெய்யாலும் ஆவடீ. அப்போ நானே கேசரி செய்றேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குக் காதில் ஏறவில்லை. இருக்கட்டும், என்றைக்காவது நீயும் ஒரு இடத்தில் ஏமாந்து நிற்பாய், அன்றைக்கு நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். இது நடந்து நாலு நாள்கூட ஆகவில்லை, எங்கள் குளியலறை ஹீட்டர் சொட்ட ஆரம்பித்தது.

அந்த ஹீட்டரே அக்கா எங்களுக்காக மாட்டியது. கீழே அவள் குளிப்பது பச்சைத் தண்ணீரில். பனி ஆரம்பித்ததும் மாரிக்கு இருமல் வந்துவிட்டது. வேலையிடம் மாற்றலாகிப்போன யாரோ ஒரு ஆபீசர் வீட்டிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் அதை வாங்கிவந்தார். பழசு. சுவரில் பானை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு தண்ணீர் உள்ளே போகிற குழாயில் இருக்கும் சின்னப் பித்தளை வால்விலிருந்து சொட்டத் தொடங்கியது. கரெக்டாக, நாம் நின்று குளிக்கிற இடத்தில், முதுகில் சொட்டும்.

குழாய் சரிசெய்ய வந்த பிளம்பரிடம் நான் அதைக் காட்டினேன். படப்பையில் கடை வைத்திருந்தவர். அண்ணாந்து பார்த்தார்.

"அது சொட்டறதுக்குன்னே வெச்சதும்மா. தண்ணி சூடானா உப்பும். உப்புற தண்ணி வெளிய வர்றதுக்கு ஒரு வழி வோணும்ல? ஒரு டியூப்ப மாட்டி பக்கெட்ல உட்டுடு. எக்காரணம் கொண்டும் அடைச்சிடாத. இன்னும் ஜாஸ்தியா சொட்டுச்சின்னா உள்ள சூடு கன்ட்ரோல் போச்சின்னு அர்த்தம், என்னக் கூப்புடு. வூட்டுக்கார அம்மாகிட்ட சொல்லிடு" என்றார்.

சரி என்றேன். எனக்கு இரண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ் முனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. ஓடினேன். ஓடினவள் மறந்துபோனேன். இது வரைக்கும் என்மேல் தப்பில்லை என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைப்பேன்.

மறுநாள் காலையில் அக்கா என்னைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தோ பாரு, இப்போ சொட்டுதா?"

வால்வின் மூக்கில் கம்பெனி டம்மி ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்டி, கட்டுக்கம்பியால் நாலு சுற்று சுற்றி இறுக்கியிருந்தாள். ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பிளம்பர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. நன்றாக, வார்த்தைக்கு வார்த்தை வந்தது. எக்கா, அதை அடைக்கக் கூடாதாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும் கேசரி ஞாபகம் வந்துவிட்டது. பெரிய லீக் டெஸ்ட்காரியல்லவா, தானே தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

"சூப்பர்க்கா" என்றேன்.

நினைத்தேனா, இல்லை பிறகு வந்த குற்ற உணர்ச்சியில் அப்படி நினைத்ததாக நானே கட்டிக்கொண்டேனா, அதுவும் இப்போது தெளிவாக இல்லை. ஒருவேளை, சொட்டுவது நின்றதே போதும் என்று எனக்கும் சந்தோஷமாகவே இருந்திருக்கலாம். நானும் அதே கம்பெனிக்காரிதானே? எனக்கும் சொட்டினால் ரிஜெக்ட்தானே? ஆனால் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் ஓ.டி.

அதற்குப் பிறகு அந்த ஹீட்டர் ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விடியற்காலையில் குளிக்கிற மாரிக்கு முதல் இரண்டு குவளை தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். மத்தியானம் குளிக்கிற ஜெனிட்டாவுக்கு உள்ளே யாரோ கூழாங்கல்லைக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று சத்தம் கேட்டது. கூரையில் எலி என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு அந்த வாரம் மூன்றாம் ஷிப்ட். நான் எப்போது போனாலும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் சூடானதும் அது அணைய வேண்டும். மாரி போட்டிருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் போட்டிருப்பேன் என்று ஜெனிட்டா நினைத்தாள். குருடர்கள் யானையைத் தடவின கதைதான். தண்ணீர் வேறு அந்த வாரம் ஆவி பறக்கப் பறக்க வந்தது. பனிக்காலத்தில் அதைப் போய் யாராவது கோளாறு என்று நினைப்பார்களா? அக்கா புண்ணியத்துல அத்திரிபச்சா என்று குளித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்தவள் குளிக்கப் போனேன். அன்றைக்கு அதிசயமாக மாரியும் ஜெனிட்டாவும் வீட்டில் இருந்தார்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. புஸ்ஸென்று இரைந்தது, துப்பியது, ஆவி அடித்தது. அப்புறம்தான் குபுக் குபுக்கென்று தண்ணீர் வந்தது, கொதித்துக்கொண்டு. குழாயை மூடிவிட்டு நைட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன்.

"எக்கா! தண்ணி கொதிக்குக்கா!"

அக்கா மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போய்க்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"லைட்டு எரியுது. யாருடி போட்டது?"

"நான் போடலக்கா. எப்பயுமே எரிஞ்சிக்கிட்டுத்தான் கெடக்கு."

"எப்பயுமேன்னா?"

"இந்த வாரம் பூராவும்."

"ஏட்டி, அப்ப அந்தச் சத்தம் எலி இல்லையா?" என்றாள் ஜெனிட்டா.

"இன்னா சத்தம்?"

"உள்ள கல்லு உருளுத மாதிரி. எலி ஓடுதுன்னுல்லா நெனச்சேன்."

"தண்ணிகூட செவப்பாத்தான் வருதுக்கா" என்றாள் மாரி.

அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏண்டி, ஒரே வூட்ல கீறீங்க. ஒருத்திக்கு ஒருத்தி வாயத் தொறக்க மாட்டீங்களா?" என்றாள். உள்ளே போய்ச் சுவரில் காதை வைத்தாள். பிறகு ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் போகிற குழாயைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். "உள்ள போற தண்ணி எதுக்குடி சுடுது?" என்று யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டாள். அவள் பார்வை டம்மிக்குப் போனது. அது உப்பியிருந்தது. நாவல்பழம் அளவு இருந்த ரப்பர், எலுமிச்சை அளவுக்கு.

அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மெயின ஆஃப் பண்ணு. மூணு பேரும் ஜல்தியா கீழ போங்க. போங்கடீ!"

மாரி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். மூன்று பேரும் படியில் இறங்கினோம். பாதிப் படியில் நின்றுகொண்டு நான்தான் கத்தினேன், நீங்களும் வாங்கக்கா என்று.

"நான் அடைச்சது, நான்தான் தொறக்கணும்" என்றாள்.

அதைத் தொடாமல் ஆற விட்டிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. கட்டுக்கம்பியை ஒரு சுற்று பிரித்திருப்பாள். பட்டென்று ஒரு சத்தம். டம்மி எதிர்ச்சுவரில் அடித்து வெளியே தெறித்து வந்து படியில் என் காலடியில் விழுந்தது. பின்னாலேயே சீறிக்கொண்டு கொதிநீர். அக்கா கத்தவில்லை. ஆவிக்குள்ளிருந்து வெளியே வந்து, வலது கையைத் தோள்பட்டை வரை நீல டிரம்மில் அமுக்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அழுகிறோம். அவள் அப்போதும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் என் மடியில்தான் சாய்ந்திருந்தாள். "நல்லவேள, நீ உள்ள நிக்கசொல்ல புடுங்கிக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்கு அந்த ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

மறுநாள் பிளம்பர் வந்து ஹீட்டரைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு முறம் நிறைய உப்புப் பாளம் கொட்டியது. எங்கள் போர்த்தண்ணீரின் வேலை அது. சூட்டை நிறுத்துகிற கன்ட்ரோல் தீய்ந்து ஒட்டிப்போயிருந்தது. டேங்க் வெடித்திருந்தால் சுவரே போயிருக்கும் என்றார். பிறகு டம்மியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாரு அடைச்சது?"

"நான்தான்" என்றாள் அக்கா, கட்டுப் போட்ட கையோடு.

பிளம்பர் நிமிர்ந்தார். நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். "நான்தான் சொல்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கம் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு ஸ்பேனரைப் பையில் போட்டுக் கிளம்பிவிட்டார். ஏன் நிறுத்தினார்? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? அந்தப் பார்வை என்னைப் பார்த்ததுதான் என்று ஐந்து வருடமாக நம்பியிருந்தேன்.

கை ஆற இரண்டு மாதம் ஆனது. அக்கா வேலைக்குத் திரும்பினாள். தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் தோல் எரிகிறது என்று பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. லீக் டெஸ்டில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். இருபது எண்ணினாள். டீ நேரத்தில் அக்கா அவள் பின்னால் போய் நின்று தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் லைனிலிருந்து பார்ப்பேன். வீட்டில் அந்த டிரம்மைக் கவிழ்த்துவிட்டாள். நாங்கள் வாங்கி வந்த எதையும் அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. நான் நிஜமாகவே லைன் லீடர் ஆனேன். சொன்னபடி கேசரி செய்துகொண்டு வந்தாள். இடது கையால் கிளறியிருந்தாள், அடிப்பிடித்திருந்தது. ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகிக் குன்றத்தூருக்கு வந்துவிட்டேன். போன மாதம் கிருத்திகைக்கு இங்கே முருகன் மலைக்கு வந்த அக்கா, இறங்கும்போது வீட்டுக்கும் வந்தாள். முன்பைவிடச் சதை போட்டிருந்தாள். முழங்கை வரை கைத்தோல் வழவழவென்று வேறு நிறமாக இருந்தது. கால் கழுவிட்டு வரேன் என்று குளியலறைக்குப் போனவள் வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். என் வீட்டு ஹீட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். வால்விலிருந்து ஒரு டியூப் பக்கெட்டுக்கு வருகிறது. சொட்டு, சொட்டு. அக்காவின் வலது கை பாதி தூரம் மேலே போய் அப்படியே நின்றிருந்தது.

"அது சொட்டணும்க்கா" என்றேன்.

"தெரியும்டீ" என்று கையை இறக்கினாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. குளியலறை வாசலிலேயே நின்று கொட்டிவிட்டேன்.

"எக்கா, அந்தப் பிளம்பர் அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு, அடைக்கக் கூடாதுன்னு. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. நாஞ் சொல்லல."

"மறந்துட்டியா?"

"மொதல்ல மறந்துட்டேன். நீங்க டம்மியக் காட்டுனீங்கள்லா, அப்ப நெனவு வந்துட்டு. ஆனாலும் சொல்லல. கேசரிக் கோவம்."

அக்கா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். நிதானமாக, விரல் விரலாகத் துடைத்தாள்.

"ஐயே! இத்தத்தான் இம்மா வருசமா சொமந்துகினு கீறியா? எங்கிட்டயுந்தான் சொன்னான் அந்த ஆளு. படி எறங்கசொல்ல சொல்லிட்டுப் போனான்."



"அப்பறம் ஏங்க்கா அடச்சீங்க?"

"சொட்டிச்சி, அடைச்சேன். பதினோரு வருசமா சொட்டுனா ரிஜெக்ட்டுன்னு சொல்லிகினு இருந்தவ நானு. எவனோ வந்து சொட்டறதுதான் சரின்னா கேப்பேனா? வுடு. நீ சொல்லியிருந்தாலும் அடைச்சிருப்பேன்."

தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் கோபம் வந்தது. தெரிந்தே அடைத்தாயா, நீயும் சொல்லாமல் என்னை ஐந்து வருடம் வேகவிட்டாயா என்று. அதற்கும் அடுத்த நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. இது நிஜமா? இல்லை, நான் கஷ்டப்படுகிறேனே என்று இப்போது, இங்கே நின்றுகொண்டு, கையைத் துடைத்த நேரத்தில் கட்டிய கதையா? அந்தப் பிளம்பர் அன்றைக்குப் பார்த்தது அவளையா, என்னையா? அவரைக் கேட்கலாம் என்றால் கடையைக் காலி செய்துகொண்டு வந்தவாசிப் பக்கம் போய்விட்டாராம். எங்கே ஒன்று சொட்டினாலும் அவளுக்கு அடைக்கத்தான் தெரியும். நான் சொட்டினால் மட்டும் சும்மா இருப்பாளா?

காபி போட்டுக் கொடுத்தேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் முகத்தையே பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். பத்து. கண் இமைக்கவில்லை. பதினைந்து. இருபது. உதட்டோரம்கூட அசையவில்லை. இருபத்தொன்பதில் வரும் என்று காத்திருந்தேன். முப்பது.

"எண்ணிட்டியா?" என்றாள்.

"ம்."

"வந்துச்சா?"

"வரலக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடி நீ அழுவுற?" என்று கேட்டாள்.